அண்ணியின் முளைக்குச்சி

போன வாரம் வரை எங்கள் வீட்டு வாசலில், தண்ணீர்க் குடங்கள் வைக்கும் கல்லுக்குப் பின்னால், ஒரு முளைக்குச்சியைச் சாத்தி வைத்திருந்தேன். முழங்கை நீளம் இருக்கும். ஒரு முனை கூராகச் சீவியது. மறுமுனை கல்லால் அடிவாங்கி அடிவாங்கி நார் நாராகப் பிரிந்து போனது. தலைக்குச் சற்றுக் கீழே கயிறு உராய்ந்த தடம். பார்க்கிறவர்களுக்கு அது ஆடு கட்டுகிற குச்சி, அவ்வளவுதான். என் மனைவி ஒருமுறை விறகோடு சேர்த்து அதை அடுப்புக்கு எடுத்துப் போய்விட்டாள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அது என் அண்ணன் படகு தள்ளிய சவுக்குக் கழியின் துண்டு. பழவேற்காடு ஏரியில் ஆழமில்லாத இடங்கள் அதிகம். அங்கெல்லாம் கழியைச் சேற்றில் ஊன்றித் தள்ளினால்தான் படகு நகரும். அண்ணன் மஞ்சள் காமாலையில் போன பிறகு படகை விற்றார்கள், வலையை விற்றார்கள். கழியை மட்டும் அண்ணி யாருக்கும் கொடுக்கவில்லை. அறுத்து, சீவி, முளைக்குச்சியாக்கிக் கொண்டாள். அந்தக் குச்சி என் வாசலுக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. அந்த ஒரு வருஷமும் குடம் எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்க்காமல் குடத்தை எடுக்கப் பழகியிருந்தேன்.

எங்கள் ஊர் கோட்டைக்குப்பத்திலிருந்து படகில் போகிற தூரத்தில், ஏரிக்கரையில் இருக்கிறது. இங்கே ஏரியில் யாரும் இஷ்டத்துக்கு வலை போட்டுவிட முடியாது. இறால் வரும் இடங்களுக்கெல்லாம் பாடு உண்டு. பாடு என்றால் முறை. இன்றைக்கு இந்த இடம் இவருக்கு, நாளைக்கு அவருக்கு. யாருக்கு எப்போது என்பதைக் கோயில் வாசலில் சீட்டுப் போட்டு எடுப்போம். தன் முறையில் ஒருவர் வலை போட்டாலும் போடாவிட்டாலும் அன்றைக்கு அந்த இடம் அவருடையது. வேறு ஒருவர் கால் வைக்கக் கூடாது. பெரிய ஆள், சின்ன ஆள் என்கிற பேச்சுக்கே இடமில்லை. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் குரல் கொஞ்சம் உயரும். ஆனால் பாடு கல்யாணமான ஆணின் தலைக்குத்தான். ஆண் போய், தலையெடுக்க மகனும் இல்லையென்றால் பாடும் போய்விடும். அண்ணனுக்கு ஒரே மகள். காரியம் முடிந்த கையோடு அடுத்துப் போட்ட சீட்டில் அண்ணன் பெயர் இல்லை. ஊரில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை.

அண்ணி அழுது ஓய்ந்ததும் காதில் கிடந்ததை விற்று ஆடு வாங்கினாள். ஊருக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு பெரிய புல்வெளி இருக்கிறது. மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் ஏறி அதை மூடிவிடும். பொங்கல் கழிந்து தண்ணீர் வடிந்தால் அருகும் கோரையும் எழும்பும். ஓரத்தில் உப்புப் பூத்த இடங்களில் உமரிச் செடி சிவந்து கிடக்கும். அரசாங்கக் காகிதத்தில் அது மேய்ச்சல் புறம்போக்கு. அப்போதெல்லாம் அங்கே அண்ணியின் ஆடுகளையும் வழி தவறி வரும் ஒன்றிரண்டு எருமைகளையும் தவிர எதுவும் மேயாது. ஏரி நன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்த காலம், மீன்காரன் ஆடு வளர்ப்பதைக் கேலியாகப் பார்த்த ஊர்.

மூத்த பெட்டையாட்டுக்கு அண்ணி வைத்த பெயர் மாமியா. "ஏய் மாமியா, அங்க இன்னாடி பண்ற, வாடி இங்க!" என்று அவள் கூப்பிடும் சத்தம் எங்கள் அம்மா காதில் விழுந்து, அம்மா ஒரு மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணி அதற்கும் சிரித்தாள். வாய் நீளம்தான். தெருக்குழாயில் அவள் நின்றால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒதுங்குவார்கள். காலையில் மாமியாவை நீளக் கயிற்றில் இந்தக் குச்சியில் கட்டிவிடுவாள். தலையாடு கட்டிக் கிடந்தால் மற்ற ஆடுகள் அதைச் சுற்றியே மேயும். அண்ணி பறி என்கிற ஓலைக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு ஏரியில் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் சேற்றைத் தடவிக் கையால் இறால் பிடிப்பாள். கையால் பிடிப்பதற்குப் பாடு கிடையாது, அது யாரும் செய்யலாம். அவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது, அதனால்தான் ஆட்டைக் கட்டினாள். மறுநாள் காலையில் கயிறு எட்டிய வரைக்கும் புல் மொட்டையாகியிருக்கும், குச்சியைப் பிடுங்கி அடுத்த இடத்தில் அடிப்பாள். சுற்றிச் சுற்றி முதல் இடத்துக்கு வரும்போது அங்கே புல் மறுபடி எழும்பியிருக்கும். குச்சியைப் பிடுங்குவது அவளுக்குத் தினமும் ஒரு சண்டை. வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டு கையாலும் பற்றி, முன்னும் பின்னும் அசைத்து, குச்சியையும் மண்ணையும் அண்ணனையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே பிடுங்குவாள். அந்த ஆடுகளை வைத்துத்தான் மகளைப் படிக்க வைத்தாள், அனுப்பம்பட்டில் கல்யாணம் செய்து கொடுத்தாள்.

பிறகு ஏரி இளைத்தது. முகத்துவாரம் மண் தூர்ந்து கடல் தண்ணீர் உள்ளே வருவது குறைந்தது, இறாலும் குறைந்தது. அதே சமயத்தில் அரசாங்கம் கொடுத்த விலையில்லா ஆடுகள் ஊருக்கு வந்தன. வந்தவற்றில் சில செத்தன, சில விருந்தாயின, மீதி குட்டி போட்டன. ஆட்டுக்குப் போடுகிற தீனிக்குச் செலவில்லை, புல் சும்மா கிடக்கிறது, பக்ரீத்துக்கு முன்னால் வியாபாரி வீட்டு வாசலுக்கே வருகிறான். ஒரு வீட்டில் விற்றதைப் பார்த்து அடுத்த வீட்டில் வாங்கினார்கள். நானும் வாங்கினேன். ஒரு ஆடு கூடினால் அதன் லாபம் முழுக்க வாங்கியவனுக்கு, அது தின்று குறைகிற புல்லின் நஷ்டம் ஊர் முழுக்கப் பங்கு. இந்தக் கணக்கு எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் அதைப் போட்டுப் பார்த்துத்தான் வாங்கினோம். கொஞ்ச நாளில் சண்டை வந்தது. உன் ஆடு என் ஆட்டை முட்டியது, உன் மகன் என் கயிற்றை அறுத்தான் என்று தொடங்கி, ஒரு நாள் யாரோ எறிந்த கல்லில் ஓர் ஆட்டின் கால் முறிந்து, இரண்டு வீட்டுப் பெண்கள் முடியைப் பிடித்துக்கொண்டு புல்வெளியில் உருண்டார்கள். அன்று சாயங்காலமே கோயில் வாசலில் ஊர் கூடியது.

நான் பொன்னேரியில் படித்துவிட்டு ஏரிக்கே திரும்பியவன். பாடு முறைக்குச் சீட்டு எழுதி, மடித்து, செம்பில் போட்டுக் குலுக்குகிற வேலை ஊரில் என்னுடையது. அந்த உரிமையில் எழுந்து பேசினேன். "ஏரிக்குப் பாடு போடுறோம். எவன் சண்டை போடுறான்? புல்லுக்கும் போட்டா இன்னா? ஆடு கீற ஒவ்வொரு வூட்டுக்கும் ஒரு வாரம். அந்த வாரம் மொத்த வெளியும் அவங்களுது." ஊர்த் தலைவர் தொடையில் தட்டி, "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்" என்றார். கூட்டம் முழுவதும் தலையாட்டியது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பெண்கள் நிற்கும் வேப்ப மரத்தடியிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. வழக்கமான சத்தம் அதில் இல்லை.

"தம்பி, எனக்கும் மொறை உண்டா?"

"இன்னா அண்ணி இப்பிடிக் கேக்குற? ஆடு கீற வூடுன்னா நீதான் மொதல்ல" என்றேன். அண்ணன் போனபோது அவளுக்காக நான் கேட்காத நியாயத்தை இன்று வாங்கிக் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். மேய்ச்சல் நிலம் முழுவதும் நடைமுறையில் அவளுடையதாக இருந்த காலத்தை எடுத்துக்கொண்டு, அதற்குப் பதிலாக ஒரு வாரத்தைக் கொடுக்கிறேன் என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை. அவள் புத்தியிலும் ஏறியிருக்காது. சீட்டு எடுக்கிற அன்று தலைக்குக் குளித்து, மகள் கல்யாணத்துக்குக் கட்டிய புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். தன் பெயர் எழுதிய சீட்டை நான் மடித்துச் செம்பில் போடுவதைக் கண் கொட்டாமல் பார்த்தாள். தன் வாரம் எதுவென்று தெரிந்ததும் தெருவெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனாள். அந்த முகம் எனக்கு இப்போதும் மறக்கவில்லை. மறந்தால் நன்றாக இருக்கும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

முதல் வருஷம் ஊரே என்னைக் கொண்டாடியது. சண்டை நின்றது. பக்கத்துக் குப்பத்திலிருந்து ஆட்கள் வந்து எப்படிச் செய்தீர்கள் என்று விசாரித்துப் போனார்கள். நான் வெற்றிலை பாக்கு வைத்து விளக்கம் சொன்னேன். அடுத்த வருஷம் வெளியின் நடுவே வெள்ளைத் திட்டுகள் தெரிந்தன. அதற்கடுத்த வருஷம் திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. ஏரியின் முறையைப் புல்லுக்குப் போட்டது மீன்காரன் புத்தி, வேறு யாருக்கும் வந்திருக்காது. இன்று நீ பிடித்த இறால் போய்விட்டால் நாளை கடல் ஏற்றத்தில் வேறு இறால் வரும். அதனால் உன் முறையில் நீ வழித்து எடுத்தாலும் அடுத்தவனுக்கு ஒரு குறையும் இல்லை. புல் எங்கிருந்தும் நீந்தி வராது. உன் வாரத்தில் நீ வழித்ததுதான் அடுத்த வாரத்துக்காரனின் வெறுந்தரை. ஒவ்வொருவரும் தன் வாரம் வந்தால் விடிந்ததும் பட்டியைத் திறந்து, இருட்டிய பிறகுதான் ஆட்டை ஓட்டி வந்தார்கள். அடுத்த வாரம் நம்முடையது இல்லையே, யாருக்காக மிச்சம் வைப்பது? தன்னிடம் ஆடு குறைவென்றால் உள்ளே தள்ளி நெல் விளைகிற ஊர்களில் இருக்கும் சொந்தங்களின் ஆடுகளைக் கூட்டி வந்தார்கள். பாடு முறையைக் குத்தகைக்கு விடுகிற பழக்கம் ஏரியில் உண்டு என்பதால் புல்லின் முறையையும் விட்டார்கள். ஆந்திர எல்லையில் இருக்கும் எளாவூர் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் வியாபாரி ஒருவன் இரண்டு மூன்று வீட்டு வாரங்களைச் சேர்த்து வாங்கி, வேனில் ஆடுகளைக் கொண்டுவந்து இறக்கினான். யாரும் விதியை மீறவில்லை. எல்லாரும் நான் சொன்னபடியே நடந்தார்கள்.

முறை எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான். முறைக்கும் முறைக்கும் நடுவில் இருக்கிற நாட்கள் ஒன்றில்லை. எங்கள் வீட்டில் நானும் மகனும் சைக்கிளில் போய் வேலிக்காத்தான் காயும் தழையும் கொண்டு வருவோம், ஏரியில் கிடைத்தால் தவிடு வாங்குவோம். ஆள் உள்ள வீடுகள் எல்லாம் ஏதோ ஒரு வழியில் சமாளித்தன. அண்ணி ஒருத்தி. தழைக்குப் போனால் இறாலுக்குப் போக முடியாது, இறாலுக்குப் போனால் ஆடு கத்தும். சவுக்குத் தோப்புக்குள் ஓட்டிப் பார்த்தாள், காவலாள் விரட்டினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, கன்றுகளைக் கடித்தால் அவர் வேலை போகும். ஆடுகள் எலும்பு தெரிய இளைத்தன. ஒவ்வொன்றாக விற்றாள். வாரம் எப்போது வரும் என்று எல்லாரும் காத்திருந்தோம், அவள் ஆடுகளால்தான் காத்திருக்க முடியவில்லை. கடைசியாக மாமியாவை விற்ற அன்று எங்கள் அம்மாவே போய் அவள் வீட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். நான் போகவில்லை. வலையில் வேலை இருந்தது என்று சொல்லிக்கொண்டேன்; அன்று வலை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

போன வருஷச் சீட்டில் அண்ணியின் வாரமும் அதற்கு அடுத்ததாக என் வாரமும் விழுந்தன. நல்ல வெயில் காலம், பக்ரீத்துக்குக் கொஞ்சம் முன்னால். இரண்டு நாள் கோடை மழை அடித்து ஓய்ந்த மறுநாள் அவள் வாரம் தொடங்கியது. அன்று காலையில் அண்ணி குடையும் குச்சியும் ஒரு தூக்குச்சட்டியும் எடுத்துக்கொண்டு வெளிக்குப் போனாள். நடுவில் குச்சியை அடித்தாள். கட்டுவதற்கு ஆடு இல்லை. குடையை விரித்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். யாருடைய ஆடாவது ஓரத்தில் தலையை நீட்டினால் எழுந்து விரட்டினாள். அவள் முறை, அவள் இடம். யார் என்ன சொல்ல முடியும்? "உன் அண்ணி காத்தை மேய்க்குதுடா" என்று படகுத்துறையில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாயங்காலம் அவளிடம் போய், "இன்னா அண்ணி இது? வாரத்தை எவனுக்காவது குத்தகைக்கு வுட்டாலும் காசாவது வரும்ல?" என்றேன்.

"காசு வந்தா சோறு துன்னலாம். புல்லு வந்தா ஆடு வாங்கலாம். ஒரு வாரம் எதுவும் வாய் வெக்காம இருந்தா இன்னா ஆவுதுன்னு பாக்குறேன். வந்துதுன்னா ஒரு பொட்டக்குட்டி வாங்கிக்குவேன்" என்றாள்.

வந்தது. மழை ஈரத்துக்கும் வெயிலுக்கும் வாரக் கடைசியில் வெள்ளைத் திட்டுகளின் ஓரமெல்லாம் பச்சை கட்டியது. மேலே நின்று பார்த்தால் தெரியாது, குனிந்து தரையோடு பார்த்தால் தெரியும். தன் முறையின் கடைசி நாள் சாயங்காலம் அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் யாரிடமும் எதையும் கெஞ்சிக் கேட்டு நான் பார்த்ததில்லை. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"தம்பி, நாளைக்கு ஒன் மொறை. ஒரு நாலு நாளு மட்டும் ஆட்டை வுடாம இரேன். இப்பதான் வேரு புடிக்குது. அப்புறம் நீயே மேச்சிக்க, நான் இன்னா வேணாம்னா சொல்லப்போறேன்?"

"பாக்கறேன் அண்ணி" என்றேன்.

எங்கள் பக்கத்தில் பாக்கறேன் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். இருந்தாலும் அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். விடிந்ததும் என் மனைவி பட்டியைத் திறந்தாள். வியாபாரி அந்த வாரக் கடைசியில் வருவதாகச் சொல்லியிருந்தான், ஆடு வயிறு நிறைந்து பளபளவென்று நின்றால்தான் விலை படியும். "நம்ம மொறைதானேயா, இன்னாத்துக்கு யோசிக்கிற?" என்றாள். அவள் கேட்டதில் தப்பில்லை. அண்ணி வந்து கேட்டுவிட்டுப் போனதை நான் அவளிடம் சொல்லவே இல்லை. ஆடுகள் என்னைத் தாண்டி ஓடின. கையை நீட்டியிருந்தால் நின்றிருக்கும். நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன், விளக்கிக்கொண்டே இருந்தேன்.

வெயில் ஏறியபோது அண்ணி வெளிக்குப் போயிருக்கிறாள். குச்சியை முந்தின நாள் பிடுங்காமல் விட்டிருந்தாள். புல்லுக்குக் காவல் இருக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ. நான் போய்ச் சேர்ந்தபோது என் ஆடுகள் குச்சியைச் சுற்றி மேய்ந்துகொண்டிருந்தன. குளம்பு பட்ட இடமெல்லாம் பச்சை போய் மண் தெரிந்தது. அண்ணி என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் ஊரே கூடுகிற அளவுக்குத் திட்டத் தெரிந்தவள். அவள் திட்டியிருந்தால் நான் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். குனிந்து இரண்டு விரலால் குச்சியைப் பிடித்து இழுத்தாள். மண்ணைப் பிடிக்க வேர் இல்லை, தண்ணீரிலிருந்து எடுப்பது போல வந்துவிட்டது. அதை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஒன் மொறைதானே தம்பி, மேயட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் மத்தியானம் வீட்டுக்குத் திரும்பியபோது குச்சி எங்கள் வாசலில் கிடந்தது. அந்த வாரக் கடைசியில் வியாபாரி வந்தான், ஆடுகள் நல்ல விலைக்குப் போயின. அதற்கடுத்த மாதம் அண்ணி வீட்டைப் பூட்டிக்கொண்டு மகள் வீட்டோடு போய்விட்டாள்.

நடுவில் ஒருமுறை அனுப்பம்பட்டு ஸ்டேஷனுக்கு வெளியே அவளைப் பார்த்தேன். யாரோ பிடித்த இறாலைக் கூறு கட்டி விற்றுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பக்கத்துக் கடைக்காரியிடம், "என் கொழுந்தன், படிச்சவன், எங்க ஊர்ல நாயம் பேசறதே இவன்தான்" என்று அறிமுகம் செய்தாள். கேலி இல்லை, நிஜமாகவே பெருமையாகச் சொன்னாள். ஒரு கூறு இறாலைப் பையில் போட்டுக் கொடுத்தாள், காசு வாங்க மாட்டேன் என்றாள். ரயிலில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் அன்று குழம்பு வைத்தார்கள், எனக்கு இறங்கவில்லை.

இந்தப் பொங்கல் கழிந்து கோயில் வாசலில் கூடியபோது நான் மறுபடி எழுந்து பேசினேன். முறையை எடுத்துவிடுவோம், வெளியை நாலு பாகமாகப் பிரித்து ஒவ்வொரு பாகத்தையும் மாற்றி மாற்றிச் சும்மா விடுவோம், வீட்டுக்கு இத்தனை ஆடுதான் என்று வைப்போம், வெளி ஆட்டை ஏற்றக் கூடாது என்றேன். இந்த முறை யாரும் தொடையைத் தட்டவில்லை. "மொறையைக் குடுத்தது நீ. இப்ப புடுங்குறதும் நீயா?" என்றார் ஒருவர். இன்னொருவர், "என் வாரத்துக்கு அட்வான்ஸ் வாங்கிட்டேன்பா, பேஜார் பண்ணாத" என்றார். அவர்களிடம் கோபப்பட எனக்கு வாயில்லை. எல்லாருக்கும் உரிமை என்று ஒன்றைக் கொடுத்துவிட்டால், அது வெறும் மண்ணாகிப் போன பிறகும் அதை யாரும் திருப்பித் தர மாட்டார்கள் என்பதை அன்றுதான் பார்த்தேன். கடைசியில் சீட்டு எழுத உட்கார்ந்தேன். அண்ணியின் பெயரையும் எழுதி மடித்தேன். "ஆடே இல்லாத வூட்டுக்கு இன்னாய்யா மொறை?" என்று கேட்டார்கள். "ஆடு இல்ல. குச்சி கீது" என்றேன். சிரித்துவிட்டு விட்டுக் கொடுத்தார்கள். அண்ணியின் வாரம் இந்த வெயிலில் விழுந்தது. என் வாரம் வேறெங்கோ விழுந்ததை ஒருவரிடம் மாற்றிக்கொண்டு அவளுடையதற்கு அடுத்து வைத்துக்கொண்டேன். அப்படி மாற்றிக்கொள்வதற்கு ஏரி வழக்கத்தில் இடமுண்டு.

போன வாரம் கல்லுக்குப் பின்னாலிருந்து குச்சியை எடுத்துப் போய் வெளியின் நடுவில் அடித்தேன். குடை விரித்து உட்கார்ந்தேன். "அண்ணிக்கு அப்புறம் தம்பி காத்தை மேய்க்கறான்" என்று துறையில் பேசிக்கொள்வது காதுக்கு வந்தது. இந்த வருஷம் கோடை மழை இன்னும் வரவில்லை. தரையோடு கண்ணை வைத்துப் பார்த்தாலும் பச்சை சரியாகத் தெரியவில்லை. சில இடத்தில் நூல் நூலாக ஏதோ இருக்கிறது. இன்று அண்ணியின் வாரம் முடிகிறது. நாளை என்னுடையது. வீட்டில் மனைவி என்னோடு சரியாகப் பேசுவதில்லை. கட்டிக் கிடக்கிற ஆடுகள் கத்துவது இங்கே வரைக்கும் கேட்கிறது. மத்தியானம் இங்கிருந்தே அண்ணிக்குப் போன் போட்டேன். ஸ்டேஷன் சத்தத்துக்கு நடுவே எடுத்தாள். எங்கே இருக்கிறேன், என்ன செய்கிறேன் என்று சொன்னேன். அன்று அவள் கேட்டதை நான் செய்யாமல் போனதையும் சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"அத்த வுடு. மொளக்குச்சி அசையுதா பாரு" என்றாள்.

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு குச்சியைப் பிடித்தேன். லேசாகத் தொட்டதுமே ஆட்டம் காட்டியது. அசையவில்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். சொன்னால் சந்தோஷப்படுவாள், ஒருவேளை திரும்பி வந்தாலும் வருவாள்.

"அசையுது அண்ணி."

அந்தப் பக்கம் ரயில் ஒன்று கடந்து போனது.

"அப்ப இன்னும் ஒக்காரு" என்றாள்.

குச்சியைச் சுற்றி மண்ணைக் காலால் அமுக்கிவிட்டு, குடையைச் சரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.